தண்ணீருக்கு ஓர் உடன்படிக்கை, ஆளுக்கு ஓர் உடன்படிக்கை

இரண்டாம் உலகப் போரின் நடுவில், பதினெட்டு மாத இடைவெளியில், அமெரிக்காவும் மெக்சிகோவும் இரண்டு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. 1942 ஆகஸ்ட் 4 அன்று முடிவானது ஆட்களைப் பற்றியது. போர்முனைக்குப் போன அமெரிக்கர்களின் இடத்தில் வயல்வேலை செய்ய, மெக்சிகோ தன் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பும் என்றது அது. 1944 பிப்ரவரி 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது தண்ணீரைப் பற்றியது. கொலராடோ ஆற்றிலிருந்து அமெரிக்கா மெக்சிகோவுக்கு எவ்வளவு தரவேண்டும், ரியோ கிராண்டேயின் துணையாறுகளிலிருந்து மெக்சிகோ அமெரிக்காவுக்கு எவ்வளவு தரவேண்டும் என்று அது வரையறுத்தது. ஒன்று மற்றொன்றைப் பற்றிப் பேசவில்லை. ஆளும் தண்ணீரும் தனித்தனிக் கணக்குகளாக இருந்தன.

இன்று இரண்டும் ஒரே கணக்கு. 2019 மே மாதத்தில், குடியேறிகளைத் தடுக்காவிட்டால் மெக்சிகோ பொருள்களுக்கு 5 சதவீத வரி என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். 2025 டிசம்பரில், பாக்கித் தண்ணீரைத் திறக்காவிட்டால் மெக்சிகோ பொருள்களுக்கு வரி என்று அவரே அறிவித்தார். அதுவும் 5 சதவீதம்தான்.

இந்த இரு நாட்டு எல்லை சுமார் 3,145 கிலோமீட்டர். அதில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆறுதான் எல்லை. ஆற்றின் நடுவில் கோடு போனால் தண்ணீரும் ஆளும் ஒரே இடத்தில்தான் கடக்கவேண்டும். ஆனாலும் இரண்டும் வெவ்வேறு விதிகளின்படியே கடந்துவந்தன. ஒன்றுக்குக் கதவு திறந்திருந்த காலத்தில் பல முறை மற்றதற்கு அடைத்தே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்களை யாரும் எண்ணவில்லை. டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸுக்கும், ஹுவாரெஸிலிருந்து எல் பாசோவுக்கும் மக்கள் அன்றாடம் போய்வந்தார்கள். எல்லைக் காவல்படை என்ற ஒன்று அமெரிக்காவில் உருவானதே 1924-இல்தான். தண்ணீர் கதை வேறு. மேலே கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்களில் குடியேறியவர்கள் வாய்க்கால் வெட்டி ரியோ கிராண்டேயைத் திருப்பியதால் ஹுவாரெஸ் பக்கத்து வயல்கள் காய்ந்தன. மெக்சிகோ முறையிட்டது. 1895-இல் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன் தந்த கருத்து, மேலே இருக்கும் நாடு தன் நிலத்தில் ஓடும் நீரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கீழே இருப்பவருக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை என்பது. கடைமடைக்காரன் காதில் இது எப்படி விழும் என்பதை நமக்கு விளக்கவேண்டியதில்லை. பிறகு 1906-இல் ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 2.6 டி.எம்.சி. தருவதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அதையும் உரிமையாக அல்ல, நல்லெண்ணமாக.

மேற்கே கொலராடோ ஆற்றில் நிலைமை நேர் எதிர். கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு 1901-இல் முதன்முதலாகத் தண்ணீர் கொண்டுவந்த அலமோ கால்வாய், வழியில் மணற்குன்றுகள் குறுக்கிட்டதால், மெக்சிகோ மண்ணில் இறங்கி வளைந்துதான் மறுபடி அமெரிக்காவுக்குள் ஏறியது. வழிவிட்டதற்கு ஈடாக, அதில் ஓடும் நீரில் பாதிவரை மெக்சிகோ எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அமெரிக்க விவசாயிகளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மணற்குன்றுகளைக் குடைந்து, முழுக்க முழுக்கத் தங்கள் மண்ணிலேயே 130 கிலோமீட்டருக்குப் புதுக் கால்வாய் வெட்டினார்கள். பெயரும் அதற்கேற்றபடி ‘ஆல்-அமெரிக்கன்’. 1940-இல் அதில் நீர் ஓடத் தொடங்கியது. ஆக, 1944-இல் பேச்சுக்கு உட்கார்ந்தபோது மெக்சிகோவின் கையில் இருந்த பழைய பிடி நழுவத் தொடங்கியிருந்தது. ஆனாலும் போர்க்காலம். மெக்சிகோ நேச நாடுகளின் பக்கம் நின்றது, ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கிடைத்த பங்கு மோசமில்லை: கொலராடோவிலிருந்து ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி. நம் கணக்கில் சுமார் 65 டி.எம்.சி., மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. பதிலுக்கு, ரியோ கிராண்டேயில் சேரும் ஆறு மெக்சிகோ துணையாறுகளின் நீரில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் ஐந்தாண்டுக்கு 17.5 லட்சம் ஏக்கர்-அடிக்குக் குறையாமல். அந்த நீர் பெரும்பாலும் டெக்சாஸுக்கு.

டெக்சாஸ் என்ற இடத்தில் சற்று நிற்கவேண்டும். 1942-இல் ஆட்களை அனுப்பத் தொடங்கிய மெக்சிகோ, டெக்சாஸுக்கு மட்டும் ஒருவரையும் அனுப்பமாட்டோம் என்றது. அங்கே மெக்சிகோக்காரர்களை உணவகத்தில் உட்கார விடுவதில்லை, வெள்ளையர் பள்ளியில் சேர்ப்பதில்லை, கூலியிலும் பாகுபாடு. டெக்சாஸ் பண்ணையார்கள் கெஞ்சினார்கள். ஆளுநர் கோக் ஸ்டீவன்சன் 1943-இல் ‘நல்ல அயலார் ஆணையம்’ ஒன்றை அமைத்துச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். மெக்சிகோ மசியவில்லை. 1947 வரை அந்தத் தடை நீடித்தது. அதாவது 1944-இல் மெக்சிகோ டெக்சாஸுக்குத் தண்ணீர் தர ஒப்புக்கொண்டது, ஆள் தர மறுத்தது. இன்று டெக்சாஸ் தண்ணீரைக் கேட்கிறது, ஆளை வேண்டாம் என்கிறது. எண்பது ஆண்டுகளில் மறுக்கும் உரிமை கைமாறியிருக்கிறது. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

‘பிராசெரோ’ என்று அழைக்கப்பட்ட அந்த ஒப்பந்தக் கூலிகளின் காலத்தைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1964 முடிய 22 ஆண்டுகளில் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. டெக்சாஸின் சொக்கோரோவில் இருந்த ரியோ விஸ்தா போன்ற மையங்களில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கையைத் தடவிப் பார்ப்பார்கள். காய்ப்பு இருந்தால்தான் உழவன். ஆடை களையச் சொல்லி டி.டி.டி. பொடி அடிப்பார்கள். 1956-இல் புகைப்படக்காரர் லியனார்ட் நாடெல் எடுத்த படங்களில், முகமூடி அணிந்த ஊழியர் ஒருவர் கண்ணை மூடி நிற்கும் ஆட்களின் முகத்திலேயே மருந்தடிப்பது தெரிகிறது. வயலில் கொடுத்த களைக்கொத்துக்குப் பிடி ஓரடி, மிஞ்சினால் இரண்டடி. நாள் முழுக்க இடுப்பை மடித்தே நிற்கவேண்டும். நிமிர்ந்தால் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அந்தக் குட்டைப் பிடியில் இப்படியும் ஒரு வசதி இருந்தது. தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்து சதவீதத்தைச் சேமிப்பென்று பிடித்து மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, உயிரோடிருந்தவர்களுக்கு மெக்சிகோ அரசு ஆளுக்கு 38,000 பெசோ தருவதாக அறிவித்தது.

ஆட்கள் கணக்கில் வரவும் உண்டு. குட்டைப் பிடிக் களைக்கொத்தைக் கலிபோர்னியா 1975-இல் தடை செய்தது. ரியோ விஸ்தா 2023-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை மட்டும் போய்விடவில்லை, பெயர் மாறியிருக்கிறது. எச்-2ஏ என்ற தற்காலிக விவசாய விசாவுக்கு 2023 நிதியாண்டில் சுமார் 3,78,000 பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டன. வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். பிராசெரோ முறை உச்சத்தில் இருந்த 1956-இன் எண்ணிக்கை சுமார் 4,45,000. அன்றும் ஆள் ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்டவர், இன்றும் அப்படியே.

1944 உடன்படிக்கைக்குப் பின் தண்ணீர்க் கணக்கில் வந்த முதல் பெரிய சண்டை அளவைப் பற்றியதல்ல, உப்பைப் பற்றியது. 1961-இல் அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பாசனப் பகுதி தன் நிலத்தடி உவர்நீரை இறைத்து ஆற்றில் விட்டது. மெக்சிகோவுக்குப் போகும் நீரின் உப்பு ஏறக்குறைய இருமடங்கானது. மெக்சிகோவின் மெக்சிகலி பள்ளத்தாக்கில் வயல்கள் வெள்ளை பூத்தன. உடன்படிக்கையில் 15 லட்சம் ஏக்கர்-அடி என்று இருந்ததே தவிர, நல்ல தண்ணீர் என்று எழுதியிருக்கவில்லை. தீர்வு வர 1973 ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் நடுவில்தான், 1964 டிசம்பர் 31 அன்று, பிராசெரோ முறையும் முடிந்தது. கடைமடையில் தண்ணீர் கெட்ட காலமும், அக்கரையில் வேலைக்கான நேர்வழி அடைபட்ட காலமும் ஒன்றாகவே வந்தன. அந்த வழி அடைந்த பிறகு நேரல்லாத வழியில் கடந்தவர்களைத்தான் இன்றுவரை அமெரிக்க அரசியல் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்த உப்புச் சண்டை தீர்ந்த விதம் குறிப்பிடத்தக்கது. 1889-இல் எல்லையைக் கவனிக்க மட்டும் அமைந்த இரு நாட்டு ஆணையத்துக்கு, 1944 உடன்படிக்கை தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தது. அதன் அமெரிக்கப் பிரிவு எல் பாசோவில், மெக்சிகோ பிரிவு ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஹுவாரெஸில். இரு பிரிவுக்கும் தலைவர் பொறியாளராகவே இருக்கவேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. புதிதாக ஏதாவது முடிவானால் உடன்படிக்கையைத் திருத்துவதில்லை. ‘மினிட்’ என்ற எண்ணிட்ட குறிப்பாக எழுதிச் சேர்த்துவிடுவார்கள். உப்புக்கு மினிட் 242. சத்தமில்லாத முறை. நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வராமலே பல பத்தாண்டுகள் வேலை நடந்தது.

இதே காலத்தில்தான் ஹுவாரெஸுக்கும் எல் பாசோவுக்கும் நடுவே ஆற்றையே நகர்த்தினார்கள். 1864 வெள்ளத்தில் ரியோ கிராண்டே தெற்கே தாவியதில் சாமிசால் என்ற மெக்சிகோ நிலத்துண்டு அமெரிக்கப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. நூறாண்டு வழக்குக்குப் பின் 1963-இல் சமரசமானது. நிலம் மெக்சிகோவுக்குத் திரும்பியது, எல் பாசோவில் அங்கே குடியிருந்த சுமார் 5,600 பேர் வீட்டைக் காலி செய்தார்கள், ஆற்றுக்குக் கான்கிரீட் படுகை கட்டினார்கள். 1968 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சனும் மெக்சிகோ அதிபர் தியாஸ் ஓர்தாஸும் சேர்ந்து நின்று ஆற்றைப் புதுப் படுகையில் திருப்பிவிட்டார்கள். வலுத்த நாடு இளைத்த நாட்டுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. வீடிழந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதே கரையில் 2022 டிசம்பரில் டெக்சாஸ் காவலர்கள் கத்திமுனைக் கம்பிச்சுருள் விரித்தார்கள்.

தண்ணீரையும் ஆளையும் நட்பாகவே ஒரே மேசையில் வைத்துப் பேசிய ஒரு குறுகிய காலமும் இருந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் புஷ் மெக்சிகோவுக்குப் போய், அந்நாட்டு அதிபர் விசென்டே ஃபாக்ஸின் பண்ணை வீட்டில் பேசினார். குடியேற்றம் பற்றிய பெரிய உடன்பாட்டுக்குப் பேச்சு தொடங்கியது. அடுத்த மாதமே, 1992 முதல் சேர்ந்திருந்த தண்ணீர் பாக்கியில் ஒரு பகுதியைத் தர மினிட் 307 எழுதப்பட்டது. செப்டம்பர் முதல் வாரம் ஃபாக்ஸ் வாஷிங்டனில் இருந்தார். சில நாளில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. குடியேற்றப் பேச்சு அதோடு நின்றது. தண்ணீர் பாக்கி, நல்ல மழையும் சேர்ந்து உதவ, 2005-க்குள் தீர்ந்தது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறு மொழி. 2019-இல் வரி மிரட்டலுக்குப் பணிந்து, மெக்சிகோ புதிதாக அமைத்திருந்த தேசியக் காவல்படையைக் குடியேறிகளைத் தடுக்க எல்லைகளுக்கு அனுப்பியது. 2020-இல் அதே படை சிவாவா மாநிலத்தின் லா போகியா அணையைக் காத்து நின்றது, அமெரிக்காவுக்குத் தரவேண்டிய தண்ணீர் போவதை உள்ளூர் விவசாயிகள் தடுக்காமலிருக்க. செப்டம்பர் 8 அன்று விவசாயிகள் திரண்டு வந்து அணையைக் கைப்பற்றினார்கள். அன்றிரவு படையின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் இறந்தார். ஆளைத் தடுக்கப் போன துப்பாக்கியே தண்ணீரைக் காக்கவும் போனது. சிவாவாக்காரர்கள் மேலும் குற்றமில்லை என்று சொல்ல முடியாது. கொன்சோஸ் ஆற்றுப் படுகையில் தண்ணீர் குடிக்கும் பெக்கான் கொட்டைத் தோப்புகள் பெருகிக்கொண்டே போயின. ஆனால் அந்தக் கொட்டையில் பெரும்பகுதி ஏற்றுமதியாவது அமெரிக்காவுக்குத்தான். ஆற்றில் போகாத தண்ணீர் லாரியில் போகிறது.

2023 ஜூலையில் டெக்சாஸ் அரசு, ஈகிள் பாஸ் ஊருக்கருகே ரியோ கிராண்டேயில் ஆயிரம் அடிக்கு ஆரஞ்சு நிற மிதவைகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் நாலடி விட்டம், பிடித்தால் உருளும், இரண்டுக்கும் நடுவே பல்முனை வைத்த இரும்புத் தட்டு, அடியில் வலை. மெக்சிகோ எதிர்ப்புத் தெரிவித்தபோது சுட்டிக்காட்டியது 1944 தண்ணீர் உடன்படிக்கையை. அளந்து பார்த்ததில் மிதவைகளில் பெரும்பகுதி மெக்சிகோ பக்கத்து நீரிலேயே கிடந்தது தெரிந்தது. அமெரிக்க அரசே டெக்சாஸ் மேல் வழக்குப் போட்டது. அந்த இடத்தில் ரியோ கிராண்டே படகு போகக்கூடிய ஆறுதானா என்று நீதிபதிகள் 2024 வரை விவாதித்தார்கள். ஆல்-அமெரிக்கன் கால்வாயிலும் மிதவைகள் உண்டு. அதைக் கடக்க முயன்று பல பத்தாண்டுகளில் 500-க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தபின், நீண்ட தயக்கத்துக்குப் பிறகு, 2011 வாக்கில் அவை கட்டப்பட்டன. அவை அடித்துச் செல்லப்படுபவர் பிடித்துக்கொள்வதற்கு. அந்தக் கால்வாயின் 37 கிலோமீட்டருக்கு 2009-இல் கான்கிரீட் போட்டு முடித்தார்கள். ஆண்டுக்கு சுமார் 3 டி.எம்.சி. கசிவு மிச்சமாகி சான் டியேகோ பக்கம் போகிறது. அந்தக் கசிவுதான் அதுவரை எல்லைக்கு அப்பால் மெக்சிகலி விவசாயிகளின் கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது.

2024 பிப்ரவரியில் டெக்சாஸின் கடைசிச் சர்க்கரை ஆலை, தண்ணீர் இல்லை என்று சொல்லி மூடப்பட்டது. அரை நூற்றாண்டு ஓடிய ஆலை. 500-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. 2025 மார்ச்சில், டிஹுவானா நகருக்குக் கொலராடோ நீரைத் தனி வழியில் அனுப்பக் கேட்ட மெக்சிகோவின் கோரிக்கையை அமெரிக்கா மறுத்தது. 1944-க்குப் பின் அப்படி மறுத்தது அதுவே முதல்முறை. அக்டோபரில் ஐந்தாண்டுக் கணக்கு முடிந்தபோது மெக்சிகோ 8 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. டிசம்பரில் 5 சதவீத மிரட்டல் வந்தது. சில நாளில் 2,02,000 ஏக்கர்-அடி, சுமார் 9 டி.எம்.சி. திறக்க மெக்சிகோ ஒப்புக்கொண்டது. மிரட்டல் பலித்தது என்று சொல்லலாம். வறட்சி வந்தால் பாக்கியை அடுத்த ஐந்தாண்டுக்குத் தள்ளலாம் என்று பழைய பொறியாளர்கள் எழுதிவைத்த பொறுமை மட்டும் அதில் செலவாகிவிட்டது.

அந்தப் பொறுமை கொலராடோ பக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. 2017-இன் மினிட் 323-படி, ஆற்றில் பற்றாக்குறை வந்தால் மெக்சிகோவும் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது, மிச்சம் பிடித்த நீரை அமெரிக்காவின் மீட் ஏரியில் சேமித்து வைத்துக்கொள்கிறது. 1895-இன் ஹார்மன் இதைப் படித்தால் நம்பமாட்டார். 2014-இல் முந்தைய மினிட் ஒன்றின்படி எட்டு வாரம் வறண்ட படுகையில் தண்ணீர் விட்டபோது, சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்று ஆற்றின் பெயரையே தன் பெயரில் வைத்திருக்கும் ஊரின் பிள்ளைகள் முதல்முறையாக அந்த ஆற்றில் கால் நனைத்தார்கள். அவர்களின் தாத்தாக்கள் மீன் பிடித்த ஆறு அது.

அந்த ஊரிலிருந்துதான் குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டியதும் எல்லைச் சாவடியில் வரிசை நிற்கிறது. அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள். பலருக்கு வயது ஐம்பது தாண்டியிருக்கும். அக்கரையில் வெள்ளையடித்த பழைய பள்ளிப் பேருந்துகள், பின்னால் கழிப்பறை வண்டியை இழுத்தபடி காத்திருக்கும். விடியும்போது அரிசோனாவின் யூமா வயலில் குனிந்து லெட்டூஸ் அறுக்கத் தொடங்குவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அமெரிக்கா தின்னும் இலைக்கீரையில் மிகப் பெரும்பகுதி இந்த வயல்களிலிருந்து போகிறது. பாய்வது கொலராடோ தண்ணீர். மெக்சிகோவின் பங்கு மட்டும்தான் கீழே எல்லையில் உள்ள மொரேலோஸ் அணை வழியாக அந்தப்பக்கம் போகும். தண்ணீர் மேலேயே நின்றுவிட்டது; ஆள் தினமும் அதைத் தேடி மேலே வருகிறார்.

மினிட் 323 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்ததில் வெட்டு இன்னும் கூடும். நிலத்தைத் தரிசு போட்டு நீரை மிச்சம் பிடித்தால் அமெரிக்க அரசு இழப்பீடு தருகிறது. அது நீர் உரிமை உள்ளவருக்குப் போகிறது. அந்த நிலத்தில் அறுவடைக்கு வந்துகொண்டிருந்தவர் எந்தக் கணக்கிலும் இல்லை. தண்ணீரையும் ஆளையும் இணைத்தே தீரவேண்டும் என்றால், இணைக்கவேண்டிய இடம் வரி அறிவிப்பு அல்ல. தரிசு போடும் ஒவ்வொரு ஏக்கருக்கும் எத்தனை நாள் கூலி போகிறது என்பதை அடுத்த மினிட்டில் எழுதி, அந்த இழப்பீட்டில் அவர்களுக்கும் ஒரு பங்கு வைக்கவேண்டும்.